“அக்கா, நீங்க எதை வாங்குவீங்க?”: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர்கள், ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்கு எதிரே உட்காருகிறவர்கள், கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போகிற சித்தி பெண்கள் என்று எல்லாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். எந்த கிரைண்டர், எந்தத் துணி, காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள், வாக்கிங் மட்டும் போனால் போதுமா. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பித் தொண்டை கட்டிப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எந்தக் கம்பெனியும் எனக்கு எதுவும் தரவில்லை. தந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேனா என்று கேட்காதீர்கள்.

எதை வாங்கினாலும் முதலில் என்ன பார்ப்பீங்க?

கெட்டுப்போனால் சரி செய்து தர நடந்து போகிற தூரத்தில் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பேன். விலை, கலர், ஸ்டார் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மிக்ஸி ஜார் புஷ், குக்கர் கேஸ்கட், கிரைண்டர் பெல்ட், செருப்பு வார், சுடிதாரின் பக்கத் தையல், இவையெல்லாம் தேயத்தான் செய்யும். தேய்ந்ததை மட்டும் கழற்றி மாற்ற முடிந்தால் அந்தப் பொருள் வருஷக்கணக்கில் வீட்டில் இருக்கும், ‘முழு யூனிட்டையும் மாத்தணும் மேடம்’ என்று பதில் வருகிற பொருளாக இருந்தால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இந்தப் புத்தியிலிருந்து வருபவைதான், சாப்பாட்டைத் தவிர.

சாப்பாட்டில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது?

அரிசிம்பருப்பு சாதம். கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்ற ஊர்க்காரர்கள் இதை சாம்பார் சாதம் என்று நினைத்துக்கொண்டு வருவதால் சொல்கிறேன். இதில் புளி கிடையாது. ஒரு டம்ளர் பொன்னி அரிசிக்குக் கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் துவரம் பருப்பு, இரண்டையும் ஒன்றாகக் கழுவி ஊற வைத்துவிடுங்கள். குக்கரில் கடலை எண்ணெய் ஊற்றி கடுகு, சீரகம், வரமிளகாய், கறிவேப்பிலை, முழுப் பூண்டுப் பல்லு ஏழெட்டு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி. வெங்காயத்தைப் பொடியாக நறுக்காமல் இரண்டாகக் கீறிப் போட்டால் போதும், வெந்த பிறகு வாயில் தனியாகத் தட்டுப்பட வேண்டும். ஒரு தக்காளி, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், அப்புறம் ஊறிய அரிசியும் பருப்பும், மூன்றரை டம்ளர் தண்ணீர், உப்பு. மூன்று விசில். திறந்ததும் கொஞ்சம் நீர்த்துத் தெரிந்தால் பதறாதீர்கள், தட்டுக்கு வரும்போது இறுகிவிடும். மேலே நெய், பக்கத்தில் கெட்டித் தயிர், சுட்ட அப்பளம்.

வேலை முடிந்து ஏழரை மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் எட்டேகாலுக்குச் சாப்பிட்டுவிடலாம், கழுவ ஒரே ஒரு பாத்திரம். எனக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு தெரியாது.

இட்லி மாவு கடையில் வாங்குவீங்களா, வீட்டில் ஆட்டுவீங்களா?

ஆட்டுவேன். நாலு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு முழு வெள்ளை உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தை முதலில் போட்டு, குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரை மணி நேரம் ஓட விடுங்கள். ஒரு கிண்ணத் தண்ணீரில் உளுந்து மாவைச் சொட்டு விட்டுப் பாருங்கள், மிதந்தால் எடுத்துவிடலாம், மூழ்கினால் இன்னும் காற்று ஏறவில்லை. அரிசியை நைசாக ஆட்டாமல் சன்ன ரவைப் பதத்தில் நிறுத்த வேண்டும். கையால் கலக்க வேண்டுமா, கரண்டியா என்று வீட்டுக்கு வீடு சண்டை உண்டு, நான் கைதான்.

எந்த கிரைண்டர்?

கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு, இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு வேறு எதைச் சொல்வேன்? நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர் டேபிள் டாப் போதும். சாய்த்து மாவை வழிக்கிற டில்டிங் மாடல் வசதியாக இருக்கும் என்று கடையில் சொல்வார்கள், உண்மைதான், ஆனால் மேடையில் அது சாய இடம் விட வேண்டும், சின்ன சமையலறையில் அந்த ஒரு அடி கிடைப்பது கஷ்டம். நான் பாத்திரத்தைக் கழற்றி எடுக்கிற சாதாரண மாடல்தான் வைத்திருக்கிறேன்.

கடையில் ஒரு வேலை செய்யுங்கள். கல்லை வெளியே எடுக்கச் சொல்லி விரலால் தடவிப் பாருங்கள், லேசாகச் சொரசொரப்பாக இருக்க வேண்டும். பிறகு வெறுமனே ஓட விட்டு ஓரத்தில் மாவை வழித்து விடுகிற தகடு டிரம்மில் உரசுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு பிடி பழைய அரிசியை இரண்டு மூன்று முறை ஆட்டிக் கொட்டிவிட்டுத்தான் சாப்பாட்டுக்கு ஆட்ட வேண்டும், புதுக் கல்லில் தூள் இருக்கும்.

மிக்ஸி திடீர்னு நின்னு போச்சு, மோட்டார் போயிடுச்சா?

இந்தக் கேள்விக்காகவே தனியாக ஒரு போன் நம்பர் வைக்கலாம். மிக்ஸியைத் தலைகீழாகத் திருப்புங்கள், அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சுமை அதிகமானால் மோட்டார் எரியாமல் காப்பாற்ற அதுவே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பிளக்கைப் பிடுங்கி, பத்துப் பதினைந்து நிமிஷம் ஆறவிட்டு, அந்தப் பட்டனை உள்ளே அழுத்தி, ஜாரில் பாதியைக் குறைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஓடும். ஓடினால் எனக்கு ஒரு காப்பி.

சத்தம் மட்டும் வந்து பிளேடு சுற்றவில்லையென்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கிற கப்ளர் தேய்ந்திருக்கும், அது கறுப்பு நிறத்தில் பல் பல்லாக இருக்கும், மாற்றுவது அஞ்சு நிமிஷ வேலை. ஜாருக்கு அடியில் தண்ணீர் கசிந்தால் பிளேடின் தண்டைத் தாங்குகிற புஷ் போய்விட்டது. இந்த இரண்டுக்காகப் புது மிக்ஸி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

குக்கர் விசில் வராமல் ஓரத்தில் ஆவி போகிறது?

கேஸ்கட். வருஷத்துக்கு ஒன்று மாற்றிவிடுங்கள். அவசரத்துக்கு ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்துப் போட்டால் அன்றைய சமையல் ஓடிவிடும், மறுநாள் கடைக்குப் போங்கள். உங்கள் குக்கர் உள் மூடியா வெளி மூடியா, எத்தனை லிட்டர் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய கேஸ்கட்டைக் கையில் எடுத்துப் போவது இன்னும் நல்லது.

காப்பி?

ஃபில்டர்தான். பொடி வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பிப் பார்க்கிற பழக்கம் பாதிப் பேருக்கு இல்லை. சிக்கரி கலந்த பொடியில் காப்பி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை என்று அச்சிட வேண்டும், காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதாவது 49 வரைக்கும் சிக்கரி போடலாம். விலை மலிவாக இருக்கிறதே என்று சந்தோஷப்படும் முன் அந்த எண்ணைப் பாருங்கள். எனக்கு 80க்கு 20 பிடிக்கும். பீபெரியா, பெரிய கொட்டை ரகமான பிளான்டேஷன் ஏ-யா என்று கேட்டால் பீபெரி. ஒரு பழத்தில் இரண்டு கொட்டைக்குப் பதில் உருண்டையாக ஒன்றே ஒன்று விளைந்தால் அதுதான் பீபெரி. ருசியில் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்று அடம்பிடித்துக் கேட்டால், அன்றன்றைக்கு வறுத்து அரைத்த பொடியா என்பதுதான் அதைவிட முக்கியம் என்பேன். அரைக் கிலோ வாங்கி வைக்காதீர்கள், நூறு கிராம் நூறு கிராமாக வாங்குங்கள்.

டிக்காக்‌ஷன் இறங்கவே மாட்டேன் என்கிறதா? ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் ஓட்டைகள் அடைத்திருக்கும். அதை மட்டும் இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினால் அடைத்திருக்கிற பொடி கருகி உதிர்ந்துவிடும், ஆறியதும் தேய்த்துக் கழுவி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், எல்லா ஓட்டையும் தெரிய வேண்டும். எவர்சில்வர் ஃபில்டருக்கு மட்டும் இது, ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரைத் தீயில் காட்டினால் ஈயம் உருகிவிடும்.

வாக்கிங் மட்டும் போதுமா?

போதாது, ஆனால் அதுகூட இல்லாதவர்களுக்கு அதுவே பெரிய விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. முதல் பாதியை எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாவது பாதியை அப்படியே விட்டுவிட்டார்கள். குறிப்பாக நாற்பதைத் தாண்டிய பெண்கள். எலும்பும் தசையும் கரைகிற வயசு அது, வெறும் நடை மட்டும் அதைத் தாங்கிப் பிடிக்காது.

நான் நடப்பது ரேஸ் கோர்ஸில். ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர், மர நிழல் உண்டு, காலையில் போனால் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். அதுதான் அங்கே பிரச்சினையும்கூட, நாலடிக்கு ஒருமுறை நின்று ‘பையனுக்குப் பொண்ணு பார்த்தாச்சா’ என்று பேச வேண்டியிருக்கும். பேச முடிந்து பாட முடியாவிட்டால் நடை சரியான வேகம், பாட்டும் சரளமாக வந்தால் மெதுவாக இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் செய்வது இவ்வளவுதான். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கை வைத்து தண்டால், மூன்று கிலோ டம்பெல் ஒரு ஜோடி. டம்பெல் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், அதில் கெட்டுப்போக எதுவுமே இல்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த கருவி. கர்லாக் கட்டை சுற்றலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக, ஆனால் தெரிந்தவரிடம் கற்றுக்கொண்டு, லேசான கட்டையில் ஆரம்பித்து, முக்கியமாக மேலே சீலிங் ஃபேன் இல்லாத இடத்தில்.

தினம் 10,000 அடி நடக்கணுமாமே?

1965இல் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டுகிற நடைமானி ஒன்றை அந்தப் பத்தாயிரம் கணக்கோடு விற்பனைக்கு விட்டது, அப்போது கிளம்பிய எண் அது. டாக்டர்கள் கூடி ஆராய்ந்து முடிவு செய்த அளவு என்று நினைத்துக்கொண்டு இரவு பதினொன்றுக்கு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டாம். நேற்றைவிடக் கொஞ்சம் கூட நடந்தால் நல்லது.

சைவச் சாப்பாட்டில் புரதம் எப்படி? பவுடர் வாங்கணுமா?

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) சொல்வது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ இருப்பவருக்குத் தினம் 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் தட்டில் சோறு மலையாகவும் பருப்பு அதன் மேல் ஒரு கரண்டியாகவும் இருப்பதால்தான் குறைகிறது. அதைத் திருப்பிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். காலையில் பச்சைப் பயறு அடை, மதியம் கொள்ளுப் பருப்பு, சாயங்காலம் கொண்டைக்கடலைச் சுண்டல், இரவு தயிர். முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முட்டைக்கு ஆறு கிராம் சேர்த்தி. கிட்னியில் தொந்தரவு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

கொள்ளு எங்கள் பக்கத்துச் சொத்து. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள், சாப்பிட்டால் தானாக இளைத்துவிடுவோம் என்று நம்பி நெய் ஊற்றி ஒரு கட்டுக் கட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேகவைத்த கொள்ளு, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், வரமிளகாய், கொத்தமல்லி, எல்லாம் சேர்த்து ஒன்றிரண்டாக அரைக்க வேண்டும். வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், அதில்தான் ரசம்.

வாக்கிங் ஷூ எப்படித் தேர்ந்தெடுப்பது?

சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நின்றபடி பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். ‘போகப் போக லூஸ் ஆயிடும்’ என்று கடைக்காரப் பையன் சொன்னால் அடுத்த சைஸ் கேளுங்கள்.

டீ-ஷர்ட் இரண்டு துவையலில் கோணிக்கொள்கிறது. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? காதர்பேட்டைக்கு ஒரு நடை போய் வந்தால் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் குவியலாகக் கிடக்கும், ஆனால் குவியலில் எடுப்பதற்குக் கண் வேண்டும். இரண்டு தோள்பட்டையையும் பிடித்துத் தூக்கித் தொங்க விடுங்கள். பக்கத் தையல் நேராகக் கீழே இறங்க வேண்டும். முன்பக்கமோ பின்பக்கமோ சாய்ந்து போகிறது என்றால் துணியைப் பின்னி முடித்த பின் சரியாகப் பதப்படுத்தவில்லை அல்லது குறுக்காக வெட்டியிருக்கிறார்கள், துவைத்ததும் இன்னும் முறுக்கிக்கொள்ளும். பிறகு கழுத்துப் பட்டியை இழுத்து விடுங்கள், உடனே பழையபடி சுருங்க வேண்டும். உள்பக்கம் திருப்பித் தோள்பட்டைத் தையலுக்குள் ஒரு மெல்லிய பட்டி வைத்துத் தைத்திருக்கிறதா என்று பாருங்கள், அது இருந்தால் தோள் தொங்காது. ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று கேட்டால் 180 நம்ம வெயிலுக்கும் போதும், உள்ளாடை தெரியாமலும் இருக்கும். 220க்கு மேலே போனால் ஏப்ரலில் என்னைத் திட்டுவீர்கள்.

ஆபீஸுக்குச் சேலையா சுடிதாரா?

இரண்டும். சேலையில் என் முதல் தேர்வு நெகமம் காட்டன். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் நெகமத்தில் கைத்தறியில் நெய்வது, அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. நல்ல கனமான துணி, அதனால் முதல் இரண்டு மூன்று முறை கட்டும்போது கொசுவம் உப்பிக்கொண்டு நிற்கும், துவைக்கத் துவைக்கத்தான் உடம்போடு வரும். முதல் துவையலுக்குக் கல் உப்புப் போட்ட தண்ணீர், தனியாக. கஞ்சி போடும்போது சோறு வடித்த கஞ்சியை நன்றாக நீர்க்கக் கரைத்து வடிகட்டிப் போடுங்கள், வடிகட்டாவிட்டால் வெள்ளைத் திட்டாக நிற்கும். நிழலில் காயட்டும். ஃபால்ஸ் அடிக்காமல் கட்டவே கட்டாதீர்கள், கொலுசிலும் செருப்பிலும் மாட்டி ஓரம் கிழிந்துவிடும்.

சுடிதாரை நான் தைத்துத்தான் போடுகிறேன், காரணம் பாக்கெட். ரெடிமேடில் வைப்பதே இல்லை, வைத்தாலும் இரண்டு விரல் நுழைகிற ஆழம். டெய்லரிடம் துணி கொடுக்கும்போது வலது பக்கத் தையலில் பாக்கெட், ஆழம் ஒரு ஜாண், உள்துணி கெட்டிக் காட்டன் என்று சொல்லிவிடுவேன், போனும் சாவியும் உள்ளே போய்விடும். பக்கத் தையலில் அரை இஞ்ச் துணி உள்ளே மடித்து விடச் சொல்லுங்கள், தீபாவளி பலகாரத்துக்கு அப்புறம் பிரித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்காரருக்கு வேட்டி எடுக்கணும், எது?

வீட்டுக்கு நாலு முழம், விசேஷத்துக்கு எட்டு முழம். வெல்க்ரோ ஒட்டினது, பாக்கெட் வைத்தது எல்லாம் வந்துவிட்டது, இடுப்பில் நிற்காதே என்று சாக்குச் சொல்ல இனி வழியில்லை. 2014இல் சென்னையில் ஒரு கிளப்பில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை உள்ளே விடாமல் பெரிய ரகளையாகி, அதே வருஷம் வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே வந்தது. ஆகவே எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொண்டு போகலாம்.

பி.எல்.டி.சி. ஃபேன் நிஜமாகவே கரண்ட் மிச்சம் பிடிக்குமா?

பிடிக்கும், கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் வாங்கும், பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் வைத்த இது 30 சுமாருக்கு. தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனில் நாளைக்கு அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம், இரண்டு மாத பில்லில் 32 யூனிட். மூன்று ஃபேன் என்றால் கிட்டத்தட்ட 97. நம்ம ஊரில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் கோட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்களுக்கான கட்டண விகிதமே மாறிவிடுகிறது, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வீடுகளுக்கு இந்த 97 பெரிய தொகை. விருந்தினர் அறையில் எப்போதாவது ஓடுகிற ஃபேனை மாற்றாதீர்கள், போட்ட காசு திரும்பாது.

மாட்டும்போது பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடியாக இணைப்புக் கொடுக்கச் சொல்லுங்கள், இந்த ஃபேனின் வேகம் ரிமோட்டில்தான் மாறும், ரெகுலேட்டரோடு ஒத்துப்போகாது. இதில் கெட்டால் சர்க்யூட் போர்டுதான் கெடும், அதனால் வாங்கும் முன் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்ற என் பழைய கேள்வி இங்கேயும் வருகிறது.

ஸ்மார்ட் வாட்ச் ஏன் கட்டுவதில்லை?

தினம் சார்ஜ் போட வேண்டிய பொருட்களின் எண்ணிக்கையில் இன்னொன்று வேண்டாம். நான் கட்டுவது கேசியோ எஃப்-91டபிள்யூ. 1989இல் வந்த மாடல், 21 கிராம் எடை, ஒரு பட்டன் பேட்டரி ஏழு வருஷம் வரும் என்று கம்பெனி சொல்கிறது. அலாரம், ஸ்டாப்வாட்ச், தேதி, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். விளக்குதான் சுமார், இருட்டில் நம்பரில் பாதி தெரியும் பாதி ஊகிக்க வேண்டும். போலி நிறைய உலவுகிறது. வலது பக்கப் பட்டனை மூன்று நாலு விநாடி அழுத்திப் பிடித்தால் அசலில் திரையில் கம்பெனி பெயர் எழுத்தாக வரும், இப்போது அதையும் காப்பியடிக்கிறார்கள் என்பதால் பில் தருகிற கடையில் வாங்குங்கள்.

பவர் பேங்க் 20,000 வாங்கினேன், போன் நாலு தடவை ஏறணுமே, ஏறலையே?

ஏறாது. அந்த 20,000 எம்.ஏ.எச். (பேட்டரியின் கொள்ளளவு) உள்ளே இருக்கிற செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. போனுக்கு அனுப்பும்போது அதை 5 வோல்ட்டாக உயர்த்துவதிலும் சூட்டிலும் கொஞ்சம் போய்விடும், 5,000 பேட்டரி போனுக்கு இரண்டரை முதல் மூன்று தடவை கிடைத்தால் அது நல்ல பவர் பேங்க். விமானத்தில் கைப்பையில் மட்டும்தான் வைக்க வேண்டும்.

ஏர் ஃபிரையர்?

வேண்டாம் என்பேன். காற்றாடி வைத்த குட்டி ஓவன் அது, உருளைக்கிழங்கு வறுவலுக்குச் சரி, வடை மாவை ஊற்றினால் ஓட்டை வழியே ஒழுகும். வடையே வராத மெஷினுக்கு மேடையில் அவ்வளவு இடம் எதற்கு?

போனில் தமிழ் இவ்வளவு வேகமாக எப்படி அடிக்கிறீங்க?

தமிழ்99. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ‘அம்மா’ அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். ஒரு வாரம் விரல் தடுமாறும், அப்புறம் பழைய முறைக்குத் திரும்பிப் போக மனசு வராது.

கிரகப்பிரவேசத்துக்கு என்ன கொடுக்கலாம்?

சுவர்க் கடிகாரம் கொடுக்காதீர்கள், அந்த வீட்டில் ஏற்கெனவே ஆறு சேர்ந்திருக்கும். சென்னிமலைப் போர்வை ஒரு ஜோடி கொடுக்கலாம், இல்லையென்றால் கனமான எவர்சில்வர் சம்புடம். பாத்திரக் கடையில் பில் போடும்போதே ‘பேர் வெட்டணுமா’ என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பெயர் வெட்டினால் அவர்களால் கடையில் மாற்றிக்கொள்ள முடியாது.